பேயிடம் பெயர் கேட்பவர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலத்துப் பக்கமுள்ள செபராங் பிறையில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய இரவில், காரின் பின்பெட்டியில் இருந்தவை: காந்தப்புலம் அளக்கும் கே2 மீட்டர் ஒன்று, குரல் பதிவுக் கருவி இரண்டு, சிவப்பு வெளிச்சம் அடிக்கும் தலைவிளக்கு, ஒயர்ச் சுருள், கொசுவத்தி, காகிதத்தில் மடித்த விபூதி, மூன்று எலுமிச்சம்பழம். பழம் எதற்கு என்று கேட்டேன்.

“நம்பிக்கையெல்லாம் இல்ல. இருந்தாலும் கிடக்கட்டுமே. ஒண்ணும் நடக்கலன்னா காலையில ஜூஸ் போட்டுக்கலாம்” என்றார் ஒயரிங் அண்ணன்.

அவர் பகலில் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்கு மின்கம்பி இழுப்பவர். அந்தப் பெயர் தொழிலால் வந்தது. அவரோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். ஆசிரியையை எல்லாரும் டீச்சரக்கா என்றே கூப்பிடுகிறார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போன நான்காவது ஆள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரும்பாலும் பெருநிலத்துப் பக்கம். பெட்ரோல், பாலத்து டோல், விடிகாலை மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடை பில் எல்லாம் சொந்தக் காசு. பேயோட்டுவது இவர்கள் வேலையில்லை, யாரும் கூலி கொடுப்பதுமில்லை. பேய் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேஸ் பார்க்கப் போறது’.

ஏன் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. லண்டனில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். 1882ல் அங்கே ஆவியுலக ஆய்வுச் சங்கம் (Society for Psychical Research) தொடங்கப்பட்டபோது படித்தவர்களிடையே பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. செத்தபின் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதற்கு அவர்களுக்குச் சான்று தேவைப்பட்டது. பினாங்கில் அப்படி எந்த ஆட்டமும் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருவோரம் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும்; முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், அது வந்துபோகும் ஆவிகளுக்கு. மரத்தடியில் சிவப்புச் சாயம் பூசிய சின்னக் கூட்டில் டத்தோ என்னும் காவல் ஆவி குடியிருப்பார். இரண்டு வளைவு தள்ளிப் போனால் சுருட்டும் சாராயமும் படைத்த முனீஸ்வரன். காணாததோடு எல்லா இனமும் ஏற்கெனவே உடன்பாடு செய்துகொண்டு, அததற்குரிய பங்கைக் கொடுத்து வாழும் ஊர் இது. இங்கே மீட்டரைத் தூக்கிக்கொண்டு பேய் பார்க்கப் போவது, பல வருஷமாகப் பழகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் அடையாள அட்டை கேட்பது மாதிரி இருக்கிறது.

கேட்டால் முதலில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “சும்மா, ஒரு ஆர்வம்லா.” இரண்டாவது தே தாரிக் தேநீருக்குப் பிறகுதான் மற்றது வரும்.

சும்மா என்பதிலும் உண்மை இருக்கிறது. பயம் அளவோடு இருந்தால் இனிக்கும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயமுறுத்தும் வீடு ஒன்றுக்குள் நுழைந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020ல் முடிவை வெளியிட்டார்கள். ரொம்பக் கொஞ்சமாகப் பயந்தவர்களுக்கும் ரொம்ப அதிகமாகப் பயந்தவர்களுக்கும் இன்பம் குறைவு. நடுவில் நின்றவர்களுக்கே அது உச்சம். சின்ன வயதில் விளக்கணைத்துவிட்டுப் பாட்டியிடம் மோகினிக் கதை கேட்டவர்கள் யாருக்கும் இது புதுச் செய்தியில்லை. ஆனால் கிளர்ச்சிக்காக வருகிறவர்கள் இரண்டு மூன்று தடவையோடு நின்றுவிடுகிறார்கள். கைவிட்ட கட்டடத்தில் நள்ளிரவு முதல் நான்கு மணிவரை உட்கார்ந்திருப்பதைப்போல் சலிப்பான காரியம் வேறில்லை. கொசு, ஈரம், வௌவால் எச்சம், முழங்கால் வலி. வருஷக்கணக்காக இதைச் செய்கிறவர்களைக் கூட்டிப் போவது வேறொன்று.

டீச்சரக்காவைக் கூட்டிப் போவது 2020. அந்த வருஷம் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவர் ஜொகூரில் ஒரு பள்ளியில் இருந்தார். ஏப்ரலில் பினாங்கில் அம்மா தவறிப்போனார். மாநிலம் தாண்டப் போலீஸ் கடிதம் வாங்கி, சாலைத் தடுப்புகளில் நின்று நின்று இவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி முகம் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்.

“அம்மாவைத் தேடியா இங்கெல்லாம் வர்றீங்க?” என்று ஒருமுறை தயங்கிக் கேட்டேன்.

“இல்ல சார். அம்மா இந்த ஆஸ்பத்திரியில என்னத்துக்கு இருக்கப் போறாங்க? ஆனா ஒரு இடத்துல ஒருத்தர் இருக்காங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, எல்லா இடத்துலயும் இருக்கலாம்ல?”

இதைவிடச் சரியாக இந்தப் பொழுதுபோக்கின் தர்க்கத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு பேய், தனக்குத் தெரிந்த ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சாவு வீடுதான். ஒலிநாடாவில் ஆவிகளின் குரல் பதிவாகிறது என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சுவீடனில் வாழ்ந்த ஃப்ரீட்ரிச் யூர்கென்சன். 1959ல் பறவைக் குரல்களைப் பதிவு செய்யப் போனவர், நாடாவில் மனிதக் குரல்கள் இருப்பதாகச் சொன்னார். பிறகு இறந்துபோன தன் அம்மா தன்னைச் செல்லப் பெயரிட்டு அழைப்பதைக் கேட்டதாகவும் சொன்னார். அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஆவி ஊடகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தது, கைக்குழந்தையாயிருந்த மகன் இறந்த 1885ஆம் ஆண்டில். முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் அந்த மகனோடு பேசியதாக ஒரு புத்தகமே எழுதினார்.

இவர்களில் எனக்கு மறக்க முடியாத ஜோடி கோனன் டாயிலும் ஹூடினியும். டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர். மகன் இறந்த துக்கத்தில்தான் ஆவியுலகை நம்பத் தொடங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. 1918ல் மகன் இறப்பதற்கு முன்பே நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்துவிட்டார். மாயவித்தைக்காரர் ஹூடினிக்கு 1913ல் அம்மா இறந்தது ஆறாத புண். இருவரும் நண்பர்கள். 1922ல் அட்லாண்டிக் சிட்டியில் டாயிலின் மனைவி, ஆவியே தன் கையைப் பிடித்து எழுதுகிறது என்னும் ஆவி எழுத்தில் அமர்ந்து, ஹூடினியின் அம்மா சொல்வதாகப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். தாளின் தலைப்பில் சிலுவை, கீழே சரளமான ஆங்கிலம். ஹூடினியின் அம்மாவோ யூத மதகுரு ஒருவரின் மனைவி, ஆங்கிலம் பேசத் தெரியாதவர். அத்தோடு நட்பு முறிந்தது. அதன்பின் 1926ல் சாகும்வரை போலி ஊடகர்களை ஊர் ஊராகப் போய் அம்பலப்படுத்துவது ஹூடினியின் வேலையானது. ஒருவருக்கு நம்ப வேண்டியிருந்தது, மற்றவருக்குத் தன் அம்மாவின் பேரைச் சொல்லி ஏமாற்றியவர்களைச் சும்மா விட முடியவில்லை. நம்பியவரும் நம்பாதவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இருட்டில், இறந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் மருத்துவராயிருந்த டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்த துணை அருகில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள். சிலர் கண்டும் கேட்டும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் வீடுகளில் இந்த வெட்கம் குறைவு. காக்கைக்குச் சோறு வைக்கிறோம், ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்கிறோம், படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் பேசுகிறோம். ஆனாலும் டீச்சரக்காவுக்கு அது போதவில்லை. சடங்கே திரையில் நடந்துபோனவருக்குச் சடங்கு எப்படிப் போதும்?

அன்றிரவு ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறேன். காவலுக்கு இருக்கும் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். அவர் கதவுச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, “பாம்பு பாத்துப் போங்க, மத்தது ஒண்ணும் செய்யாது” என்றார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில் பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தன. இது அந்த வகை. நீளமான ஒரே வார்டு, இருபுறமும் திண்ணை, மேலே துருப்பிடித்த தகரம். கட்டில்கள் போய்விட்டன, கட்டில் எண்கள் மட்டும் சுவரில் கறுப்பு மையில் இருக்கின்றன. 11ஆம் எண்ணுக்குக் கீழே யாரோ சுண்ணாம்புக்கட்டியால் சூலம் வரைந்திருக்கிறார்கள். ஒன்றரை மணி வாக்கில் கூரைப் பக்கமிருந்து ‘டொக்… டொக்’ என்று நிதானமான ஒரு சத்தம். ஒயரிங் அண்ணன் பதிவுக் கருவியை நடுத்தரையில் வைத்துவிட்டு, மரியாதையான குரலில் கேட்டார்:

“யாரு இருக்கீங்க? உங்க பேரு என்ன? எந்த ஊரு? என்ன குறை?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த நான்கு கேள்விகளும் இதே வரிசையில் எனக்குத் தெரியும். ஏழு வயதில், லயத்து வாசலில், உடுக்கை அடித்துக்கொண்டு பூசாரி என் சித்தியிடம் கேட்ட கேள்விகள் இவை. சித்திக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். தலைவிரி கோலமாக ஆடி, அழுது, கடைசியில் ஒரு பெயரைச் சொன்னார். வெளிக்காட்டுப் பக்கம் தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் பெயர். பெயர் வந்ததும் கூட்டம் தளர்ந்தது. பிறகு கோழி, வேப்பிலை, முடி முடிச்சு.

நம் மரபில் பேய் என்பது எப்போதும் ஒரு ஆள். அதற்குப் பெயரும் ஊரும் செத்த விதமும் தீராத ஆசையும் உண்டு. பூசாரியும் கோடாங்கியும் செய்வது ஒருவகை விசாரணைதான். ஆனால் கேட்பது அனுப்பிவைப்பதற்காக. ‘எப்பப் போவே?’ என்பதில்தான் அவர்கள் கேள்வி முடியும். கேஸ் பார்க்கப் போகிறவர்கள் முதல் நான்கு கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு ஐந்தாவதை விட்டுவிட்டார்கள். தங்கள் கைக்கருவிகளும் முறைகளும் மேற்கத்தியத் தொலைக்காட்சியிலிருந்து வந்தவை என்றே இந்த மூவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருவி வந்தது நிஜம். கேள்வி வாங்கி வந்ததில்லை.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இதை நான் கவனிக்கவில்லை, டீச்சரக்கா சொன்னார்: “முன்னே பேய் வந்து பொம்பளையைப் பிடிச்சுது. இப்ப ஆம்பளைங்க காடி எடுத்துக்கிட்டுப் போய்ப் பேயைப் பிடிக்கிறாங்க.” புது மருமகள், மாமியார் கொடுமைக்காரி, குடிகாரப் புருஷன் — வாய் திறக்க முடியாத பெண்ணுக்குப் பேய் ஒரு வாய் கொடுத்தது. ஆடும்போது சித்தி என் சித்தப்பாவைச் சொன்ன வார்த்தைகளை மறுநாள் யாரும் திருப்பிச் சொல்லவில்லை, ஆனால் சித்தப்பா கொஞ்ச காலம் அடங்கித்தான் இருந்தார். 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துச் சில்லுகளை ஒட்டிக்கொண்டிருந்த கிராமத்து மலாய்ப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அலறி விழுவார்கள். மலாய் மந்திரவாதியான போமோ வந்து ஆடு அறுக்கும்வரை உற்பத்தி நிற்கும். சிலாங்கூரின் கோலலங்காட் வட்டாரத்தில் களப்பணி செய்த மானுடவியலாளர் ஐவா ஓங் 1987ல், தொழிற்சாலைக் கெடுபிடிக்கு எதிரான எதிர்ப்பின் மொழி இது என்று வாதிட்டார். பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் பார்க்கும் நம் தம்பிக்கு அந்த வாதம் தெரியாது. ஆனால் தன் தளத்திலும் பழைய கழிப்பறை ஒன்றைப் பற்றிக் கதை உண்டு என்றும், ஓவர்டைம் அதிகமான மாதங்களில் அந்தக் கதைக்கு உயிர் வரும் என்றும் சொன்னார்.

பேய் பிடிப்பதில் ஆளுக்கு விருப்பமில்லை. பேய் தேடுவதில் எல்லாமே விருப்பம்: எப்போது போவது, எங்கே நிற்பது, எப்போது காரில் ஏறிவிடுவது. இந்தக் கட்டுப்பாடு கையில் இருப்பதே பலருக்கு ஈர்ப்பு என்று நினைக்கிறேன். ஒயரிங் அண்ணன் விஷயத்தில் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பன்னிரண்டு வயதில் அவருக்கு ராத்திரி நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததாம். கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை, கத்த வாய் வரவில்லை, கட்டில் ஓரத்தில் கறுப்பாய் ஒரு உருவம். அமுக்குவான் பிசாசு என்றார்கள். மலாய்க்காரர்கள் ‘திண்டே’ என்பார்கள். தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஒரு சாமியாடி சாட்டையால் நாலு வைத்தார். முப்பது வயதுக்குமேல்தான் அதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர் இருப்பது தெரிந்தது. கனவு காணும் உறக்கத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கனவின் மிச்சம் அறைக்குள் நடமாடும். 36,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2011ல் வெளியான ஒரு கணக்குப்படி, பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது, மாணவர்களில் 28.3 விழுக்காட்டினருக்கு. முறையற்ற தூக்கம் இதைத் தூண்டும்.

“அந்தச் சாட்டையடிக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதனால் அவருடைய ஆசை பேய் கிடைக்க வேண்டும் என்பதில்லை, காரணம் கிடைக்க வேண்டும் என்பது. கையிலிருக்கும் கே2 மீட்டரை அவரளவுக்குக் கிண்டல் செய்கிறவரும் இல்லை. மின்கம்பிகளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை அளக்க வந்த சாமான் அது. ஐந்து விளக்குகள், புலம் கூடினால் பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவும். கைப்பேசி சிக்னல் தேடினாலும் தாவும். “ஆவி வந்துச்சுன்னு காட்டுறானுங்க பாரு, அது பாக்கெட்டுல இருக்குற போன்” என்று சொல்லி, செய்தும் காட்டினார்.

இவருக்குப் பிடித்த கதை இங்கிலாந்துப் பொறியாளர் விக் டேண்டி. கோவென்ட்ரியில் ஒரு பட்டறையில் இரவு வேலை பார்த்தபோது உடம்பு சில்லிட்டது, கண்ணோரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது, திரும்பினால் இல்லை. மறுநாள் வாள்வீச்சுக்கான தன் வாளை இடுக்கியில் பொருத்தி வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. பேய் வாளை ஆட்டாது என்று யோசித்துத் தேடினார். புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி ஒன்று, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறை முழுக்க நிற்க வைத்திருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உணர்வும் போனது. 1998ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1921ல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் பதிவு செய்த அமெரிக்க வீட்டுக் கதையும் அண்ணனுக்கு மனப்பாடம்: காலடிச் சத்தம், உருவங்கள், வாடும் செடிகள், தலைவலி, கடைசியில் பழுதான அடுப்புலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு.

இங்கே அண்ணனோடு எனக்குச் சின்ன வழக்கு உண்டு. காரணம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியிலும் ஆள் ஏமாறலாம். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரெஞ்சும் குழுவினரும் தாழ்அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் மறைத்து வைத்த ஒரு வெற்று அறைக்குள் 79 பேரைத் தனித்தனியே அனுப்பினார்கள். 2009ல் வெளியான முடிவு: நிறையப் பேருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன, ஆனால் அதிர்வு ஓடியதா ஓடவில்லையா என்பதோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. ‘ஏதாவது தோன்றலாம்’ என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். தாத்தா எங்களிடம் ‘மத்தது ஒண்ணும் செய்யாது’ என்றாரே, அந்த ‘மத்தது’ என்ற ஒரு சொல் எத்தனை ஹெர்ட்ஸ் இருக்கும்?

அன்றைய டொக் டொக்குக்குக் காரணம் மூன்று மணிக்கு அகப்பட்டது. கூரையின் தென்கோடித் தகரத்தில் ஆணி விட்டுப்போய், மலைப்பக்கக் காற்று தூக்கிவிடும்போதெல்லாம் மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தூணில் ஏறி, இரண்டு சுற்று கம்பி போட்டுக் கட்டினார். சத்தம் நின்றது. முகத்தில் வெளிச்சம். டீச்சரக்கா ஒன்றும் சொல்லாமல் கருவிகளை எடுத்து வைத்தார்.

தம்பியின் காரணம் இரண்டிலும் சேராது. அவருக்குப் பழைய இடங்கள் வேண்டும். பேய் அதற்கு நுழைவுச் சீட்டு. “சரித்திரம் பாக்கப் போறேன்னா கூட்டாளி ஒருத்தனும் வரமாட்டான். பேய் பாக்கப் போறேன்னா காடியில இடம் பத்தாது” என்கிறார். பத்து மாவுங் குன்றின் பிரிட்டிஷ் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் கட்டியது, 2002ல் போர் அருங்காட்சியகமானது. 2013ல் நேஷனல் ஜியோகிராஃபிக் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பேய்க் குன்று. அதன் பீரங்கிகள் கடலைப் பார்த்திருந்தன என்பதும், 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஜார்ஜ் டவுன் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள் என்பதும், வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகத் தங்கள் இனத்தவரை மட்டும் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுப் போனார்கள் என்பதும் அவருக்குப் பேய்க் கதை தேடிப் போன இடத்தில் கிடைத்தவை. நிபோங் திபாலின் 99 கதவு மாளிகையும் அப்படித்தான். ராம்ஸ்டன் குடும்பத்துக் கரும்பு, பிறகு ரப்பர்த் தோட்டத்தின் பெரிய வீடு. 1948ல் உரிமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். இணையத்தில் அந்த வீட்டின் பேய்களுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களைப் பற்றிய பேச்சுத்தான் அரிது.

தம்பியின் கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போனவர். 1942ல் ஜப்பானியர்கள் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை முடிந்தது, அவர் திரும்பவில்லை. அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழரே அதிகம். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் உண்டு. தம்பி போய்ப் பார்த்திருக்கிறார். கொள்ளுத்தாத்தாவுக்குக் கல்லும் இல்லை, திதி வைக்கத் தேதியும் இல்லை. கொள்ளுப்பாட்டி பல வருஷம் பொட்டை எடுக்கவில்லையாம், எந்த நாளில் எடுப்பது என்று தெரியாமல். அந்தக் குடும்பத்துப் பிள்ளை இருட்டில் நின்று ‘உங்க பேரு என்ன, எந்த ஊரு?’ என்று கேட்பதை நான் இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை.

கிண்டலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “நண்பர்களே, இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாத்தீங்களா” என்று மூச்சு வாங்கும் கூட்டம். பூட்டை உடைப்பார்கள், மயானத்தில் செருப்போடு ஏறுவார்கள், படையலைக் காலால் தள்ளிவிட்டு ‘தைரியம் இருந்தா வா’ என்று சவால் விடுவார்கள். இறந்து நாற்பது நாள் ஆகாத ஒருவரின் வீட்டு வாசலில் நேரலை ஓட்டியதைக் கண்டிருக்கிறேன். இவர்களுடைய நோக்கத்தை ஆராய எதுவுமில்லை, பார்வையாளர் எண்ணிக்கை திரையின் மூலையிலேயே தெரிகிறது. அத்துமீறி நுழைவது நம் குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது, புதைகுழிகளை அவமதிப்பதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒயரிங் அண்ணன் எங்கே போனாலும் முதலில் காவலாளியைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த இரண்டாவது வாரம் அந்தக் காவலாளித் தாத்தாவே கூப்பிட்டார். அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டார்.

“தம்பி, அந்தத் தகரத்தை இழுத்துக் கட்டுனது நீங்கதானே?”

“ஆமா தாத்தா. காத்துல அடிச்சிக்கிட்டு இருந்துச்சு.”

“அது எனக்குத் தெரியாதா? இருபது வருசமா அடிச்சிக்கிட்டுத்தான் கிடந்துச்சு. நீங்க கட்டுனதுலருந்து ஒயரு வெட்டுறவனுங்க வர ஆரம்பிச்சிட்டானுங்க. ரெண்டு சன்னலக் காணோம். வந்து அவுத்து விட்டுட்டுப் போங்க.”

அந்தச் சனிக்கிழமையே போனோம். டீச்சரக்கா கீழிருந்து விளக்கடிக்க, அண்ணன் தூணில் ஏறி, தான் போட்ட கம்பியைத் தானே முறுக்கவிழ்த்தார். காற்று வரும்வரை எல்லாரும் நின்றோம். தகரம் ஒருமுறை லேசாக எழும்பி விழுந்தது.

“பத்தல,” என்றார் தாத்தா. “இன்னும் கொஞ்சம் லூசா விடுங்க தம்பி.”